உப்புப் பார்த்த பிள்ளை

எங்கள் விடுதியில் சமைத்த மாமி, தான் சமைத்த ஆணம் என்கிற குழம்பை ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. கிடாரத்தின் மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்து பார்ப்பார். அகப்பையால் கிளறி நிறத்தைப் பார்ப்பார். உப்புப் பார்க்கிற நேரம் வந்தால் மட்டும் குசினி வாசலுக்கு வந்து எங்களில் ஒருவனைக் கூப்பிடுவார். அவனுடைய உள்ளங்கையில் கொஞ்சம் ஆணத்தை ஊற்றுவார். அவன் நக்கிப் பார்த்துச் சொல்வதுதான் அன்றைய உப்பு.

அது யதீம் பிள்ளைகளுக்கென்று ஊரார் கொடுத்த அரிசி, ஊரார் கொடுத்த தேங்காய். தகப்பனை இழந்த, இன்னும் பருவம் அடையாத பிள்ளையைத்தான் யதீம் என்பது. அந்தப் பிள்ளையின் பொருளை அநியாயமாகத் தின்றவனுக்கு அது வயிற்றில் நெருப்பாகும் என்று ஓதல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். மாமிக்கும் அது தெரியும். அவர் புருஷனை இழந்தவர். எங்களைவிடக் கூடப் பசி கண்டவர். ஆனாலும் தனக்கு வேண்டிய சோற்றை வாழையிலையில் கட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்து, குசினிக்கு வெளியே முருங்கை மரத்தடியில் குந்தியிருந்து சாப்பிடுவார்.

எங்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவரை ஹஸரத் என்று அழைப்போம். அவர் மாமியைவிடவும் கண்டிப்பு. அவருடைய சைக்கிள் ஹேண்டிலில் ஒரு சீலைப் பை தொங்கும். அதற்குள் கடதாசியால் வாயடைத்த ஒரு போத்தல். அதில் அவர் வீட்டுத் தேத்தண்ணீர். காலையில் சூடாக வந்தது, பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் குடிக்கும்போது பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருக்கும். குசினியில் எங்களுக்குத் தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அவர் விறாந்தையில் இருந்து ஆறியதைக் குடிப்பார். சந்தேகமானதைத் தொடாத பேணுதலான மனிதர் என்று ஊரில் அவரை மதித்ததற்கு அந்தப் போத்தலும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தோம்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் எங்கள் வாப்பா மௌத்தானார். கரைவலை இழுக்கிற வேலை அவருக்கு. கடலில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. கூரை பறந்த பிறகு எங்களைப் பக்கத்துக் கல்வீட்டில் விட்டுவிட்டு, உம்மாவின் பாய்க்கட்டுகளை எடுக்கத் திரும்பிப் போனார். முற்றத்துத் தென்னை அவர் மேல் விழுந்தது. உம்மா பன் என்கிற கோரையில் பாய் இழைக்கிறவர். பாய்கள் மரப்பெட்டிக்குள் நனையாமல் அப்படியே கிடந்தன.

அடுத்த வருடம் என்னையும் காக்காவையும் உம்மா விடுதியில் கொண்டுவந்து விட்டார். என் அண்ணனை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும், அவனுக்குப் பதினொன்று. தங்கச்சி கைப்பிள்ளை, அவளை உம்மா வைத்துக்கொண்டார். வாசலில் வைத்து உம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காக்காவின் தலையைத் தன் பக்கம் இழுத்து, “தம்பிய உட்டுட்டு எங்கயும் போயிராத மனே. அவனுக்கு வாய் இல்ல” என்றார்.

எனக்கு வாய் இல்லை என்பது உண்மைதான். யாராவது என் பெயரைக் கேட்டாலே நிலத்தைப் பார்ப்பேன். எனக்கு வேண்டியதை எல்லாம் காக்காதான் கேட்டு வாங்கித் தருவான். பாய் கிழிந்தால் அவன் சொல்வான். காய்ச்சல் என்றால் அவன் சொல்வான். அவனுடைய குரல் அப்படி ஒரு குரல். விடுதிக்கு ஆட்கள் வருகிற நாளில் பைத்து என்கிற புகழ்ப்பாட்டைப் படிக்க அவனைத்தான் முன்னுக்கு நிறுத்துவார்கள். வந்தவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். அடுத்த வாரம் அரிசி மூடை வரும்.

நாக்கும் அப்படித்தான். மாமி வாசலுக்கு வந்து, “இஞ்ச வா கிளி, இந்தப் புளியாணத்த ஒருக்காப் பாரு” என்பார். காக்கா நக்குவான். கண்ணை மூடுவான்.

“மாமி, ஒரு கல்லு போடுங்க.”

“ஒரு கல்லா? கிடாரத்துக்கா?”

“ஓம். ரெண்டு போட்டா என்னயக் கேக்காதீங்க.”

மாமி சிரித்துக்கொண்டே ஒரு கல் உப்பைப் போடுவார். மற்றப் பிள்ளைகள் அவனை ‘உப்புக் காக்கா’ என்று கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

நாங்கள் சஹனில்தான் சாப்பிடுவோம். ஒரு பெரிய வட்டத் தட்டில் சோறு போட்டு, நடுவில் ஆணத்தை ஊற்றி, சுற்றிவர ஆறு பேர் இருந்து அவரவர் பக்கத்தை எடுத்துச் சாப்பிடுவது. காக்கா என் வலப்பக்கத்தில் இருப்பான். மீனில் முள் எடுத்து என் பக்கம் தள்ளுவான். இப்படி மூன்று வருடம் போனது.

ஒருநாள் மாமி கூப்பிட்டபோது காக்கா போகவில்லை. என் முதுகில் கை வைத்துத் தள்ளினான். நான் போய்க் கையை நீட்டினேன்.

“நீயா? எங்க உன்ட காக்கா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் கிணற்றடியில் நின்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

“அவனுக்குத் தொண்ட நோவு மாமி” என்றேன். அதுதான் நான் மாமியோடு பேசிய முதல் முழு வசனமாக இருக்க வேண்டும். மாமி என் கையில் ஆணத்தை ஊற்றினார். எனக்கு உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. “நல்லம்” என்றேன். அன்றைக்கு எல்லோரும் உப்பில்லாச் சோறு தின்றார்கள்.

தொண்டை நோவு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போனது. காக்கா யாரோடும் கதைப்பதில்லை. கேட்டால் தலையாட்டுவான், இல்லாவிட்டால் என்னைப் பார்ப்பான். நான் சொல்வேன். வாயில்லாத என்னை அவனுக்கு வாயாக வைத்துக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கரையில் ஆட்கள் இல்லை. அலை நன்றாக இரைகிற இடமாகப் பார்த்து நின்று, “தம்பி” என்றான்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ பெரிய ஆள் கூப்பிட்டது போல் இருந்தது.

“நான்தான்டா. பயப்புடாத.”

“காக்கா, உனக்கு என்ன?”

“நான் பாலிகாகிட்டன்.”

ஆம்பிளையாகிவிட்டேன் என்று அர்த்தம். எனக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று விளங்கவில்லை. அவன்தான் சொன்னான். தான் இனி யதீம் இல்லை. தெரிந்தால் விடுதியில் வைத்திருக்க மாட்டார்கள். பொத்துவில் கரையில் வாடி என்கிற ஓலைக்கொட்டில் போட்டு மீன்பிடிக்கிற மாமா, உம்மாவின் தம்பி, அவனை எப்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்று காத்திருக்கிறார்.

“நீ தனிய இரிப்பியா?”

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“அதான் நான் கதைக்கிறல்ல. நீயும் ஆருக்கும் சொல்லப்படாது.”

“ஓம்.”

“இன்னொண்டு. இனி இங்கத்தச் சோறு எனக்கு ஆகா. அது உங்கட. நான் தின்டா நெருப்பு.” அவன் தன் வயிற்றில் கை வைத்தான். “சஹன்ல நான் சும்மா கைய வெச்சிட்டு இரிப்பன். என்ட பக்கத்தையும் நீ தின்னு. கெதியாத் தின்னு. ஆரும் பாக்கிறதுக்குள்ள.”

போவதற்கும் மனமில்லை, தின்பதற்கும் பயம். தின்னாமல் இருந்தால் பாவமில்லாமல் என்னோடு இருக்கலாம் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருந்தான். எனக்கு அது சரியாகவே பட்டது. எங்களுக்கு வேறு கணக்குத் தெரியாது.

சஹனில் ஒருவன் தின்கிறானா இல்லையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆறு கைகள் போய் வருகிற இடத்தில் எந்தக் கை வெறுங்கை என்று யார் பார்ப்பது? காக்கா, சாப்பிடத் தொடங்கும்போது சொல்கிற பிஸ்மியைச் சொல்லுவது போல் உதட்டை அசைப்பான். விரலால் சோற்றைப் பிசைந்து என் பக்கம் நகர்த்துவான். விரலைக்கூட நக்க மாட்டான், கிணற்றடியில் கழுவிவிடுவான். பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விசுக்கோத்துக் கொடுப்பார்கள். அது யதீமுக்கென்று வந்ததல்ல என்பதால் அதைத் தின்பான். மற்றப் பிள்ளைகள் மிச்சம் வைத்தால் அதையும் கேட்டு வாங்கித் தருவேன். லீவு நாட்களில் கரைவலை இழுக்கிறவர்களோடு போய்க் கயிற்றைப் பிடிப்பான். அவர்கள் ஒரு கை மீனை அள்ளி மணலில் போடுவார்கள். சருகு பொறுக்கி அதைச் சுட்டுத் தின்பான். எனக்கும் தருவான்.

நான் கொழுத்தேன். அவன் வற்றினான். சாரத்தை இடுப்பில் ஒரு சுற்றுக் கூடச் சுற்ற வேண்டி வந்தது.

பெரியவர்கள் பார்க்காமல் இல்லை. மாமி கண்ணூறு என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். ஹஸரத் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கக் கொடுத்தார். பேச்சும் போய் உடம்பும் போனால் அது எதையோ கண்டு பயந்ததுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“எங்க மகன் பயந்த? மையவாடிப் பக்கம் போனியா?” என்று ஹஸரத் கேட்டார். மையவாடி என்றால் இடுகாடு.

காக்கா என்னைப் பார்த்தான். “இல்லயாம் ஹஸரத்” என்றேன்.

“கடலடிக்குப் போனானா?”

“போற ஹஸரத். மீன் திங்கிறதுக்கு.”

“அப்ப சோறு திங்கிறல்லயா?”

 நல்லவேளை, அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அந்த மாதம் ஒரு ஹாஜியார் விடுதியில் கந்தூரி விருந்து கொடுத்தார். பெரிய கடை வைத்திருந்தவர். தன் தகப்பன் பெயரால் மாடு அறுத்து, எங்களுக்கு எல்லாம் வெள்ளைச் சேர்ட்டும் கொண்டுவந்திருந்தார். சேர்ட்டுகள் எல்லாம் ஒரே அளவு. சின்னவர்களுக்கு முழங்கால் வரை வந்தது. காக்காவுக்குத் தோளில் பிடித்தது. சாப்பாட்டுக்கு முன்பு பைத்துப் படிக்க வேண்டும் என்றார்கள்.

“அந்தப் புள்ள எங்க? போன முற படிச்சானே, குயில் மாதிரி?” என்று ஹாஜியார் கேட்டார்.

காக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டான். என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தான். அவ்வளவு பெரிய ஆட்களின் முன்னால் நான் எழுந்து நின்றேன். 

“காக்காக்குத் தொண்ட சரியில்ல” என்றேன்.

“இன்னமுமா? மூணு மாசமாத் தொண்ட நோவு!” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“பரவாயில்ல மகன், கரகரத்தாலும் படி. எங்கட வாப்பாக்கு நன்ம சேரட்டும்” என்றார் ஹாஜியார். நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இறந்தவருக்கென்று கேட்டதை எப்படி மறுப்பது? காக்கா முன்னுக்குப் போனான். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான்.

முதலில் மெல்லிய பிள்ளைக் குரல் வந்தது. அது நடுவில் முறிந்து, அடியிலிருந்து தடித்த ஆம்பிளைக் குரல் வந்தது. மறுபடி மேலே போக முயன்று கிறீச்சிட்டது. அவன் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் படித்தான்.

சபை குலுங்கிச் சிரித்தது.

“அட, மாப்புள்ள வந்திட்டாரு!”

“ஹஸரத்து, புள்ளைக்குப் பொண்ணு பாக்கல்லயா?”

“மீச எங்க தம்பி, சேர்ட்டுக்குள்ள ஒளிச்சிரிக்கியா?”

ஊரில் ஒரு பையன் ஆம்பிளையானால் இப்படித்தான் கேலி செய்வார்கள். அது சந்தோஷமான கேலி. ஆனால் நான் குசினி வாசலைப் பார்த்தேன். மாமி அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு, காக்கா கண்ணைத் திறந்து பார்த்ததும், அந்நிய ஆம்பிளையைக் கண்டது போல் அவருடைய கை தானாகத் தலைக்குப் போய் முக்காட்டை நெற்றிவரை இழுத்தது. பிறகு அவர் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். மூன்று வருடமாக அவன் கையில் ஆணம் ஊற்றியவர். அவன் அதைக் கண்டுவிட்டான். கந்தூரிச் சோறு எல்லோருக்கும் பொது. அன்றைக்கு அவன் தின்றிருக்கலாம். தின்னவில்லை.

மறுநாள் ஹஸரத் அவனைக் கூப்பிட்டார். நானும் அவன் சாரத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். அவனுடைய மெலிவின் காரணத்தை அப்போதுதான் அவன் வாயால் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த ஹஸரத்தின் முகம் மாறியது.

“இவ்வளவு நாளாத் தின்னாமலா இரிந்தாய்? ஆருடா ஒனக்கு இதச் சொன்ன?”

“நீங்கதான் ஹஸரத். ஓதல்ல.”

“அது அவன்ட சொத்தப் புடுங்கித் திங்கிறவனுக்கு மகன். இது அப்பிடி இல்ல. ஊராக்கள் தந்த சதக்கா, தருமம். ஏழைக்கும் ஆகும். நீ ஏழதானே? நீ தின்னலாம். படிப்பு முடியுமட்டும் இங்கயே இரி. நிர்வாகத்துக்கு நான் சொல்றன். ஆரும் ஒன்னப் போகச் சொல்ல மாட்டாங்க.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காக்கா இருப்பான். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஆனால் காக்கா சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீலைப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏழைக்கும் ஆகுமெண்டா, மாமி ஏன் ஹஸரத் உப்புக்கூடப் பாக்கிறல்ல?” என்று கேட்டான். “நீங்க ஏன் ஒரு தேத்தண்ணி கூட இங்க குடிக்கிறல்ல?”

எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவன். உண்மையாகவே அறிந்துகொள்ளத்தான் கேட்டான். ஹஸரத் தாடியைத் தடவினார்.

“அது என்ட பேணுதலுக்கு மகன்.”

“எனக்கும் பேணுதல் வேணும்தானே ஹஸரத்?”

 அந்த இடத்தில் ஹஸரத் எழுந்து குசினிக்குப் போய் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவருக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அத்தனை வருடப் பழக்கத்தில் கை போயிருக்காது. அவர் வேறு வழி சொன்னார்.

“அப்ப நீ என்ட ஊட்டுல வந்து சாப்பிடு. அது என்ட உழைப்பு. அதுல ஒனக்கு ஒண்டுமில்ல.”

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்கள் மனைவியின் வீட்டில்தான் இருப்பார்கள். ஹஸரத்தும் அப்படித்தான். அந்த வீட்டில் கலியாண வயதில் இரண்டு குமர்ப்பிள்ளைகள். நேற்று வரைக்கும் சின்னப் பிள்ளை என்று காக்கா அந்த வீட்டு அடுப்படி வரை போய் வந்திருக்கிறான். இப்போது வேலிக்கு உள்ளே போக முடியாது. வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கடப்படியில், பூவரசு மரத்தின் கீழ் அவனை இருக்கச் சொன்னார்கள். ஹஸரத்தின் சின்ன மகன் மூடிய பீங்கானைக் கொண்டுவந்து கொடுத்தான். சோறு, பொரித்த மீன், முருங்கைக்கீரைச் சுண்டல். ஹஸரத்தின் மனைவி மனம் வைத்துத்தான் போட்டிருந்தார். காக்கா தின்றான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் அப்படித் தின்று பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ ஒரு பொம்பிளை அந்தப் பக்கமாக வந்தார். கையில் தயிர் முட்டி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து உள்ளே சத்தம் போட்டார்.

“இதாருகா உங்கட கடப்படியில? பக்கீர்சாவா?”

றபான் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு வருகிறவர்களைத்தான் பக்கீர்சா என்பது.

“இல்லகா, அது யதீம்கானாப் புள்ள” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“புள்ளயா? நல்ல புள்ளதான். குமருகள் இரிக்கிற ஊட்டு வாசல்ல தெண்டிலாட்டம் குந்திட்டு இரிக்கான். பாத்துக்கங்க.”

தெண்டில் என்றால் ஓணான். காக்கா கையில் எடுத்த பிடியைப் பீங்கானிலேயே வைத்தான். பீங்கானை மூடினான். கடப்படிக்கு உள்ளே, மண் படாத இடமாகப் பார்த்து வைத்தான். “வா” என்று என் கையைப் பிடித்தான். அடுத்த நாள் அவன் போகவில்லை. ஹஸரத் வற்புறுத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

பிள்ளைகளின் குசினி அவனுக்கு ஆகாது. பெரியவர்களின் வீட்டுக்குள் அவன் போகக் கூடாது. இடையில் அவனுக்கென்று ஊரில் ஒரு பிடி சோறு வைக்க இடமிருக்கவில்லை. யாரும் அவனை விரட்டவுமில்லை.

மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். உம்மா பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். பன்னுக்குப் போட்ட சிவப்புச் சாயம் விரலில் காயாமல் இருந்தது. “தம்பிய உட்டுட்டுப் போகாத எண்டு சொன்னனே மனே” என்று அழுதார். பிறகு அவரே, “ஆம்புளப் புள்ள, என்ன செய்ற” என்றும் சொன்னார். பொத்துவில் பஸ் புறப்படும்போது காக்கா ஜன்னலால் தலையை நீட்டினான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தத் தடித்த குரலில் பஸ் நிலையம் முழுவதும் கேட்கச் சத்தம் போட்டான்.

“தம்பி! சஹன்ல கடசியாக் கைய எடு! முதல் எழும்பாத!”

அந்தக் குரலை அவன் பயமில்லாமல் முழுதாக விட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மாரி தொடங்க முன்பு அவன் ஒருமுறை வந்தான். தோளில் ஒரு சாக்குக் கருவாடு. நிறம் கறுத்து, தோள் அகன்று, உண்மையிலேயே ஆம்பிளையாக இருந்தான். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. சாக்கைக் குசினி வாசலில் இறக்கிவிட்டு வெளியே நின்றான்.

“என்ன மகன் இது?” என்றார் ஹஸரத்.

“யதீம் புள்ளைகளுக்கு. நான் உப்புப் போட்ட.”

“சாப்பிட்டுட்டுப் போ.”

“வேணா ஹஸரத். பஸ்ஸில வரக்குள்ள பணிஸ் தின்டன்.”

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். தன் வாழையிலைச் சோற்றை அவிழ்த்தார். பாதியை இலையோடு கிழித்து, முருங்கை மரத்தின் மற்றப் பக்கத்தில் வைத்தார். “இது என்ட சோறு. குத்தரிசி. இதுல ஒண்டுமில்ல” என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு தன் பக்கத்தில் போய்க் குந்தினார். காக்கா கையைக் கழுவிவிட்டு வந்தான். மற்றப் பக்கத்தில் குந்தினான். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பொதிச் சோற்றைத் தின்றார்கள்.

“மாமி, உப்புக் காணா” என்றான் காக்கா.

“என்ட ஊட்டுல உப்புப் பாக்க ஆள் இல்லயே கிளி” என்றார் மாமி.

அதன் பிறகு நான் அவனைக் காணவில்லை. அடுத்த வருடமும் கருவாடு வந்தது. ஆள் வரவில்லை, பஸ் கொண்டக்டர் இறக்கிவிட்டுப் போனார். அந்தச் சாக்கு முடிவதற்குள் மாமா உம்மாவோடு விடுதிக்கு வந்தார். மாமாவைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. காக்கா போன தோணி திரும்பி வரவில்லை. கூடப் போன இரண்டு பேரும் இல்லை. நாலு பக்கமும் தேடியாகிவிட்டது என்று மாமா சொன்னார். ஒன்றும் கரைக்கு வரவில்லை. ஹஸரத் எங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையை நடத்தினார். 

தொழுகை முடிந்ததும் உம்மா விறாந்தைப் படியில் இருந்துகொண்டு சொன்னார்: “ரெண்டயும் உங்கள்ட்டத் தந்தன். ஒண்டயாவது திருப்பித் தாங்க.”

“அவன் அஞ்சாம் வகுப்புத்தானே புள்ள. படிக்கட்டுமே” என்றார் ஹஸரத்.

“அவனும் ஒருநாளைக்கு ஆம்புளயாகுவான்தானே ஹஸரத்.”

 பகல் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகலாம் என்றார் ஹஸரத். என் படிப்பு அன்றோடு முடிந்தது. மறுநாளிலிருந்து உம்மாவோடு பன் வெட்டப் போனேன்.

அந்தப் பகல் மாமி கத்தரிக்காயும் கருவாடும் போட்டு ஆக்கினார். சாக்கில் கடைசியாக இருந்த கருவாடு. வாசலுக்கு வந்து என்னைத்தான் கூப்பிட்டார். என் கையில் ஊற்றினார். நான் நக்கிப் பார்த்தேன். எனக்கும் அதற்குள் நாக்குப் பழகியிருந்தது. உப்பு மிகவும் கூடியிருந்தது.

“எப்பிடி?”

“சரி மாமி” என்றேன்.

சஹனைச் சுற்றி இருந்தோம். காக்காவின் இடத்தில் புதிதாக வந்த ஒரு சின்னப் பிள்ளை இருந்தான். ஆறு வயதிருக்கும். நாங்கள் பிஸ்மி சொல்லிக் கையை வைக்கும்போது ஹஸரத் உள்ளே வந்தார். அவர் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வருவதே இல்லை. சாரத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் குந்தினார். கையைக் கழுவித் துடைத்திருந்தார். சஹனில் கையை வைத்து, ஒரு துண்டுக் கருவாட்டைச் சோற்றோடு பிசைந்து ஒரு பிடி எடுத்தார்.

நாங்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டோம். குசினி வாசலில் மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஹஸரத் வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். இன்னொரு பிடி எடுத்தார்.

“தின்னுங்க மகன்மாரே” என்றார்.

சின்னப் பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு அவருடைய வயிற்றைப் பார்த்தான்.

“ஹஸரத், உங்களுக்கு எரியாதா?” என்று கேட்டான்.

ஹஸரத்தின் கை சஹனிலேயே நின்றது. அவர் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.  “உப்புக் கொஞ்சம் கூட” என்றுதான் சொன்னார்.

அந்தப் பிள்ளை தன் பக்கத்துச் சோற்றை ஒரு விரலால் இழுத்து, அவருடைய கை படாத இடத்துக்கு மெல்ல ஒதுக்கிக்கொண்டான்.